ஓ.டி. லிமிட்டைக் குறைத்துவிட்டார்களா? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைப் பற்றியவை: ஓவர்டிராஃப்ட் (சுருக்கமாக ஓ.டி., கணக்கில் இருப்பதைவிடக் கூடுதலாக எடுத்துக்கொள்ள வங்கி தரும் வசதி) லிமிட்டை வங்கி குறைத்துவிட்டது. எழுதியவர்கள் வெவ்வேறு நாடுகளில் இருக்கிறார்கள். பெயரையும் வங்கியையும் எடுத்துவிட்டேன். தொகைகளையும் மாற்றியிருக்கிறேன்: ஒவ்வொருவரின் பழைய லிமிட்டையும் 100 என்று வைத்துக்கொண்டு மற்றவற்றை அந்தக் கணக்கில் எழுதியிருக்கிறேன். உங்கள் நாணயம் எதுவானாலும் பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம். முதல் கடிதத்துக்கு நீளமான பதில், ஏனென்றால் மற்றவர்கள் கேட்டதில் முக்கால்வாசி அதற்குள்ளேயே இருக்கிறது.

கேள்வி: ஐயா, வீட்டிலிருந்தபடியே புத்தக அட்டை, விளம்பர வடிவமைப்பு வேலை செய்கிறேன். வேலையை முடித்து பில் அனுப்பினால் பணம் கைக்கு வர ஒன்றரை மாதம், சில சமயம் இரண்டு மாதம் ஆகும். இடைப்பட்ட நாட்களை ஓ.டி.யை வைத்துத்தான் ஓட்டுகிறேன். ஆறு வருடமாக ஒரு பைசா வட்டி பாக்கி வைத்ததில்லை. இப்போது திடீரென்று வங்கியிலிருந்து கடிதம். அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து என் லிமிட் 100-லிருந்து 50 ஆகிறதாம். இன்றைய நிலவரத்தில் 85 எடுத்திருக்கிறேன். அதற்குள் 35-க்கு எங்கே போவேன்? ஒழுங்காக இருந்தவளுக்கு ஏன் இந்தத் தண்டனை? மேனேஜரிடம் போய் ஒரு பிடி பிடித்துவிட்டு வா என்கிறார் கணவர். கடந்த ஒரு வருட ஸ்டேட்மென்ட்டை இணைத்திருக்கிறேன்.

பதில்: தாராளமாகப் போங்கள். ஆனால் எதைக் கேட்பது என்று முடிவு செய்துகொண்டு போங்கள். "என் 100-ஐத் திருப்பிக் கொடுங்கள்" என்று கேட்டால் அநேகமாகக் கிடைக்காது. லிமிட்டைக் குறைக்கும் முடிவைப் பல சமயம் கிளையில் யாரும் எடுப்பதில்லை. மேலே எங்கோ எடுத்து அனுப்புகிறார்கள். மேனேஜரால் சிபாரிசு செய்ய முடிவது கால அவகாசத்தை. அதைக் கேட்டால் அவர் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்பார்.

முதலில் அந்த "பாக்கி வைத்ததில்லை" என்ற விஷயம். ஓ.டி.யில் தவணை என்று ஒன்று கிடையாது, அதனால் தவறவிடுவதற்கும் ஒன்றும் இல்லை. வட்டியைக்கூட வங்கியே உங்கள் கணக்கில் பற்று எழுதிக்கொள்கிறது. லிமிட்டுக்குள் இடம் இருக்கும்வரை அது கட்டியதாகவே ஆகிவிடும். கடன் பிரிவில் உட்கார்ந்திருப்பவர் பார்ப்பது வேறு. நான் அந்த மேசையில் இருந்த காலத்தில் என் பக்கத்து இருக்கைக்காரர் ஒரு வேலை செய்வார். ரெனிவலுக்கு, அதாவது லிமிட்டைப் புதுப்பிக்க வரும் ஒவ்வொரு ஓ.டி. கணக்கின் பன்னிரண்டு மாத ஸ்டேட்மென்ட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு, மாதத்துக்கு ஒரு நாள், அதாவது கடன் மிகக் குறைவாக இருந்த நாளைப் பென்சிலால் வட்டமிடுவார். அந்தப் பன்னிரண்டு வட்டங்களில் சிலவாவது பூஜ்யத்தைத் தொட்டிருந்தால் ஃபைலில் கையெழுத்து விழும். ஒன்றுகூடத் தொடவில்லை என்றால், "இது ஓ.டி. வேஷம் போட்ட லோன்" என்று சொல்லி ஃபைலைத் தனியாக எடுத்து வைப்பார். வட்டி ஒழுங்காக வந்ததா என்ற பேச்சே அங்கே எழாது.

அவர் கண்டுபிடித்த வித்தை இல்லை இது. ஓ.டி.க்கு முன்னோடி என்று சொல்லப்படும் கணக்கு 1728-ல் எடின்பரோவில் தொடங்கியது. அதற்கு முந்தைய வருடம்தான் ஆரம்பித்திருந்த ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து, வில்லியம் ஹாக் என்ற வணிகரைத் தன் கணக்கில் இருப்பதைவிட 1000 பவுண்டு வரை கூடுதலாக எடுத்துக்கொள்ள அனுமதித்தது. அவருக்கு இருந்ததும் உங்களுக்கு இருக்கும் அதே தொல்லைதான்: கொடுக்க வேண்டிய பணத்துக்கு இன்று தேதி, வர வேண்டிய பணத்துக்குப் பிறகு தேதி. ஸ்காட்லாந்து வங்கிகள் இந்த மாதிரிக் கணக்குகளை எப்படிக் கவனித்தன என்று ஆடம் ஸ்மித் 1776-ல் எழுதியிருக்கிறார். நான்கு, ஐந்து, ஆறு, எட்டு மாதம் என்று ஒரு காலத்தை எடுத்துக்கொண்டு, கொடுத்ததும் திரும்பி வந்ததும் ஏறக்குறைய சரிசமமாக இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். சமமாக இருந்தால் அந்த ஆளோடு தொடர்ந்து வியாபாரம் வைத்துக்கொள்ளலாம். எடுப்பதே எப்போதும் அதிகமாக இருந்தால் கையை இழுத்துக்கொள்ள வேண்டியதுதான். இன்றைக்கு அதே வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது, அவ்வளவுதான்.

உங்கள் ஸ்டேட்மென்ட்டில் நானும் பென்சிலால் வட்டமிட்டுப் பார்த்தேன். பணம் வந்து விழுந்த நல்ல நாட்களில் உங்கள் கடன் 58-க்கும் 64-க்கும் இடையில் நிற்கிறது. இறுக்கமான நாட்களில் 82, 88, ஒரு முறை 92. அதாவது சுமார் 60 என்பது அடியில் வண்டலாகத் தங்கிவிட்ட பழைய கடன். ஆறு வருடத்தில் எப்போதோ ஒரு கம்ப்யூட்டர் வாங்கியதாகவோ, வேலை இல்லாத ஒரு கோடைக்காலமாகவோ இருக்கலாம். பில் அனுப்பி, பணம் வரும்வரை சமாளிக்க நீங்கள் நிஜமாகப் பயன்படுத்தும் ஓ.டி. வெறும் 30 தான். இதைத் தெரிந்துகொண்டு உள்ளே போகும் வாடிக்கையாளரும், தெரியாமல் போகும் வாடிக்கையாளரும் மேனேஜருக்கு இரண்டு வேறு மனிதர்கள்.

பேச்சுவார்த்தைக்குப் போகும் முன் அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. முதல் தேதி காலையில் என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். கடன் 85, லிமிட் 50. திடீரென்று 35 லிமிட்டுக்கு வெளியே நிற்கிறது. அன்றைக்குப் போகவேண்டிய ஆட்டோ டெபிட்டும் செக்கும் திரும்பும். திரும்பிய ஒவ்வொன்றுக்கும் வங்கி ஒரு கட்டணம் போடும், பணம் பெறவேண்டியவரும் ஒரு கட்டணம் போடலாம். லிமிட்டைத் தாண்டிய தொகைக்கு அபராதம் உண்டா, எவ்வளவு என்பது நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் 2020 ஏப்ரலிலிருந்து தனிநபர் கணக்குகளில் அனுமதி இல்லாத ஓவர்டிராஃப்ட்டுக்கு, அனுமதித்ததைவிட அதிக விலை வைக்கக் கூடாது. இந்தியாவில் 2024 ஏப்ரலிலிருந்து அபராதத்தை வட்டி விகிதத்தோடு சேர்க்காமல் தனிக் கட்டணமாகத்தான் வாங்கலாம். அதன்மேல் வட்டி ஏற்றக் கூடாது.

இதெல்லாம் எல்லோரும் எதிர்பார்ப்பதுதான். எதிர்பார்க்காதது ஒன்று உண்டு. ஐந்தாம் தேதி உங்கள் வாடிக்கையாளர் ஒருவர் 20 அனுப்புகிறார் என்று வையுங்கள். கடன் 65 ஆகக் குறையும். ஆனால் லிமிட் 50 தானே! இன்னும் 15 வெளியே இருக்கிறது. வந்த 20-லிருந்து உங்களால் ஒரு காசு எடுக்க முடியாது. உழைத்த காசு கணக்கில் ஏறிய நிமிடமே காணாமல் போகும். மின்கட்டணம் கட்டக்கூட வழி இருக்காது. லிமிட் குறைப்பில் குடும்பங்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அதனால் இன்றைக்கே ஸ்டேட்மென்ட்டை எடுத்து, தானாகப் போகும் தொகைகளை எல்லாம் தேதியோடு ஒரு தாளில் எழுதுங்கள். வீட்டு வாடகை அல்லது வீட்டுக்கடன் தவணை, மின்சாரம், இன்ஷூரன்ஸ் பிரீமியம், வரி, இவை நிற்கக் கூடாதவை. இன்ஷூரன்ஸை லேசாக நினைக்க வேண்டாம், பிரீமியம் திரும்பிப் பாலிசி காலாவதியானால் மறுபடி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். மீதி எல்லாம், பார்க்காத சந்தா, போகாத ஜிம், நிறுத்திவிடுங்கள். நிற்கக் கூடாதவற்றுக்கு வேறொரு வங்கியில், கடன் வசதி இல்லாத ஒரு சாதாரணக் கணக்கைத் திறந்து, ஆட்டோ டெபிட்டை அங்கே மாற்றுங்கள். மாற்றம் நடைமுறைக்கு வரச் சில வாரம் பிடிக்கலாம், ஆகவே தள்ளிப்போடாதீர்கள்.

ஏன் வேறு வங்கி? ஒரே வங்கியில் உங்களுக்கு ஒரு சேமிப்புக் கணக்கு இருந்தால், அதிலிருக்கும் பணத்தை எடுத்து ஓ.டி. கடனில் நேர் செய்துகொள்ளும் உரிமை பெரும்பாலும் வங்கிக்கு உண்டு. கணக்கு திறக்கும்போது கையெழுத்துப் போட்ட படிவத்தில் அந்த வாசகம் இருக்கும். ஒரே குழுமத்தின் வேறு பெயர் கொண்ட வங்கியையும் தவிர்ப்பது நல்லது.

அதற்காக வருமானம் முழுவதையும் புதுக் கணக்குக்குத் திருப்பிவிடாதீர்கள். "அனைத்து வரவுகளும் இக்கணக்கு வழியாகவே வரவேண்டும்" என்று உங்கள் சாங்ஷன் லெட்டரில் (வங்கி தந்த கடன் அனுமதிக் கடிதத்தில்) ஒரு நிபந்தனை இருக்கலாம். இருந்தால், அதை மீறியது அவகாசம் கேட்கப்போகும் நேரத்தில் உங்களுக்கு எதிராகவே பேசும். நிபந்தனை இல்லாவிட்டாலும், வரவு திடீரென்று நின்றுபோன கணக்கைப் பார்த்தால் எந்த அதிகாரிக்கும் வயிறு கலங்கும். வீட்டுச் செலவுக்கு வேண்டிய அளவை மட்டும் அங்கே அனுப்பச் சொல்லுங்கள், அதை மேனேஜரிடம் மறைக்காமல் சொல்லியும் விடுங்கள். வாடிக்கையாளர்களிடம் வசூலித்த வரித் தொகை இருந்தால் அது கட்டாயம் புதுக் கணக்கில் இருக்கட்டும். மைனஸில் ஓடும் கணக்கில் போட்டு வைக்கும் வரிப்பணம், பணமாக இருப்பதே இல்லை.

இப்போது மேனேஜர். கையில் ஒரே ஒரு தாள் எடுத்துப் போங்கள். மேல் பாதியில் பன்னிரண்டு மாதத்துக் குறைந்தபட்சக் கடன், அதிகபட்சக் கடன், மொத்த வரவு. கீழ்ப் பாதியில் இன்னும் பணம் வராத பில்கள், யாரிடமிருந்து, எந்தத் தேதிக்குள். உங்களிடம் பேசிய பிறகு அவர் மேலிடத்துக்கு ஒரு குறிப்பு எழுத வேண்டும். அந்தக் குறிப்புக்கு வேண்டிய எண்களை நீங்களே கொடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வந்து அழுதவர்களையும் நான் பார்த்திருக்கிறேன், அதிகாரத் தோரணையில் பேசியவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டு சாராருக்காகவும் குறிப்பில் எழுத ஒன்றும் இருக்காது.

நீங்கள் முதலில் கேட்க வேண்டியது இது: அடியில் தங்கியிருக்கும் 60-ஐத் தனியாகப் பிரித்து டேர்ம் லோனாக (மாதத் தவணையில் கட்டி முடிக்கும் கடனாக) மாற்றுங்கள், ஓ.டி. லிமிட்டை 30 ஆக வையுங்கள். கூட்டினால் 90. வங்கிக்கு இது 50 என்ற தன் கணக்கைவிட அதிகம்தான், ஆனால் மாதாமாதம் கரைந்துகொண்டே வரும் கடன் என்பதால் அவர்கள் கண்ணுக்கு இது வேறு ஜாதி. உங்களுக்கு என்ன ஆகும்? ஆண்டுக்கு 12 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், 60-க்கு 36 மாதத் தவணை மாதம் சுமார் 2. இப்போதே அந்த 60-க்கு மாதம் 0.6 வட்டி கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். ஆகக் கூடுதல் சுமை மாதத்துக்கு 1.4. 24 மாதம் என்றால் தவணை 2.8, கூடுதல் 2.2. இரண்டில் எது முடியும் என்று வீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போங்கள். அவர்கள் 24 மாதம் என்று சொல்லும்போது அங்கேயே தலையாட்டிவிட்டு வரக்கூடாது. செயலாக்கக் கட்டணம் எவ்வளவு என்றும் கேளுங்கள். ஒரு வித்தியாசம் உண்டு, தவணைக் கடனில் தேதி இருக்கிறது. இனிமேல்தான் நீங்கள் நிஜமாகவே "பாக்கி" வைக்க முடியும்.

அது நடக்கவில்லை என்றால் இரண்டாவது கோரிக்கை, படிப்படியான குறைப்பு. முதல் மாதம் 80, அடுத்து 75, இப்படி மாதம் 5 வீதம் இறக்கி ஏழாவது மாதம் 50. இது முன்னதைவிடக் கடினம். மாதம் 5 கண்டுபிடிக்க வேண்டும், 1.4 இல்லை. இங்கே ஒரு நுணுக்கம். "சரி, லிமிட் 50-ஆகவே இருக்கட்டும், நீங்கள் மெல்லக் கட்டுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று அன்பாக ஒரு மேனேஜர் சொல்லலாம். அதை ஏற்காதீர்கள். அவர் மாற்றலாகிப் போய்விடுவார், கம்ப்யூட்டர் இருக்கும். அதன் கணக்கில் நீங்கள் தினமும் லிமிட் தாண்டியவர். இந்தியாவில் ஓ.டி. கணக்கு லிமிட்டுக்கு மேலே தொடர்ந்து 90 நாள் நின்றால் வாராக்கடன் பட்டியலுக்குப் போய்விடும், வாய்வார்த்தை அங்கே செல்லாது. லிமிட்டே 80, 75, 70 என்று மாதாமாதம் மாற்றப்பட வேண்டும், அது எழுத்தில் வரவேண்டும்.

கடிதம் இப்படி இருந்தால் போதும்: "தங்கள் கடிதம் கிடைத்தது. கணக்கில் தற்போது 85 நிலுவை உள்ளது. வரும் முதல் தேதி லிமிட் 50 ஆனால் நிலுவையில் உள்ள செக்குகளும் தவணைகளும் திரும்பும். அதனால் என் தொழில் வருமானமும் பாதிக்கப்படும். 60-ஐ 36 மாத டேர்ம் லோனாக மாற்றி, ஓ.டி. லிமிட்டை 30 ஆக அமைக்க வேண்டுகிறேன். இதன்மீது முடிவு தெரியும்வரை இப்போதைய லிமிட்டைத் தொடரவும், கூடுதல் கட்டணம் விதிக்காமல் இருக்கவும் கேட்டுக்கொள்கிறேன். ஓராண்டுக் கணக்கு விவரமும் வரவேண்டிய பில்களின் பட்டியலும் இணைப்பில்." நேரில் கொடுத்துப் பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள், அல்லது மின்னஞ்சலில் அனுப்புங்கள். போனில் பேசியது பேசியதாகவே இருக்காது.

மறுத்துவிட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வங்கியின் புகார்ப் பிரிவு, அதற்கு மேலே குறைதீர்ப்பாளர் என்று பெரும்பாலான நாடுகளில் வழி இருக்கிறது. இந்தியாவில் 30 நாளில் வங்கி பதில் தரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். பிரிட்டனில் அது எட்டு வாரம். ஆனால் ஒப்பந்தத்தில் "கேட்டவுடன் திருப்பித் தரவேண்டும்" என்ற வரி இருக்கும். லிமிட்டைக் குறைத்ததே தவறு என்று வாதாடி ஜெயிப்பது கஷ்டம். நோட்டீஸ் போதவில்லை, கட்டணம் முறையில்லை என்று வாதாடினால் பலன் கிடைக்க இடம் உண்டு. வேறு வங்கிக்கு மாறுவதாக இருந்தால், லிமிட் தாண்டிய கறை விழுவதற்கு முன்பே விண்ணப்பியுங்கள். ஒரே வாரத்தில் ஐந்து வங்கிகளில் விண்ணப்பிக்க வேண்டாம், ஒவ்வொரு விசாரிப்பும் கிரெடிட் ரிப்போர்ட்டில் பதிவாகும்.

கடைசியாக, வரவேண்டிய பணம். புது வேலைக்கெல்லாம் மூன்றில் ஒரு பங்கு முன்பணம் கேளுங்கள். வடிவமைப்புத் தொழிலில் அது ஊர் உலக வழக்கம்தான். பெரிய வேலையாக இருந்தால் பாதியில் ஒரு பில் போடுங்கள். சீக்கிரம் தருபவருக்கு 2 சதவீதத் தள்ளுபடி என்று ஒரு யோசனையை எல்லோரும் சொல்வார்கள். முப்பது நாள் முன்னதாக வரும் பணத்துக்கு 2 சதவீதம் என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 24 சதவீத வட்டி. ஓ.டி.யே 12 தான். முதல் தேதி நெருக்கடியைத் தாண்ட ஒரு முறை செய்யலாம், பழக்கமாக்க வேண்டாம்.

கேள்வி: நான் ஓ.டி.யைத் தொடுவதே இல்லை. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று வைத்திருந்தேன். தொடாத லிமிட்டை ஏன் 100-லிருந்து 20 ஆக்கினார்கள்? எடுத்துச் செலவு செய்பவனை விட்டுவிட்டு என்னைப் பிடித்தது என்ன நியாயம்?

பதில்: தொடாததால்தான். நீங்கள் எடுக்காத லிமிட்டும் வங்கிக்கு ஒரு வாக்குறுதி, வாக்குறுதிக்கும் மூலதனம் ஒதுக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யக்கூடிய லிமிட்டுகளுக்கு முன்பு ஒதுக்கத் தேவையில்லாமல் இருந்தது. வங்கிகளுக்கான சர்வதேச விதிகளை வகுக்கும் பாசல் குழு 2017 டிசம்பரில் முடிவு செய்த விதிகளில், எடுக்காத தொகையில் 10 சதவீதத்தைக் கடன் கொடுத்தது போலவே கணக்கில் கொள்ளச் சொல்லிவிட்டார்கள். உங்களிடமிருந்து வட்டியும் வரவில்லை, மூலதனமும் முடங்குகிறது என்றால் எந்த வங்கியும் வெட்டத்தான் பார்க்கும். இன்று உங்களுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. அந்த 80-ஐ நம்பி அவசரகால நிதி சேர்க்காமல் இருந்திருந்தால், இப்போது சேர்க்க ஆரம்பியுங்கள். அவசரம் வரும் காலமும் வங்கிகள் லிமிட்டை வெட்டும் காலமும் பல சமயம் ஒன்றாகவே வரும்.

கேள்வி: மொத்த வியாபாரம் செய்கிறேன். லிமிட் 100 என்று சாங்ஷன் லெட்டரில் அப்படியே இருக்கிறது, குறைத்ததாகக் கடிதம் எதுவும் வரவில்லை. ஆனால் 69-க்கு மேல் எடுக்க முடியவில்லை. கேட்டால் "டிராயிங் பவர்" என்று ஏதோ சொல்கிறார்கள்.

பதில்: சரக்கின் பேரில் கொடுக்கும் ஓ.டி.யில் இரண்டு எண்கள் உண்டு. லிமிட் என்பது கூரை. அன்றைக்கு எடுக்கக்கூடியது டிராயிங் பவர். நீங்கள் மாதாமாதம் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டிலிருந்து அதைக் கணக்கிடுகிறார்கள். நீங்கள் அனுப்பிய எண்களை வைத்தே போட்டுப் பார்த்தேன். சரக்கு 80. அதில் 20-க்கு இன்னும் நீங்கள் பணம் கொடுக்கவில்லை, அது உங்கள் சரக்கே இல்லை என்று கழித்துவிடுவார்கள். மீதி 60. அதில் மார்ஜின் (பாதுகாப்புக்காக வங்கி கழித்துக்கொள்ளும் பங்கு) 25 சதவீதம் போக 45. வரவேண்டிய பாக்கி 60 என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அதில் 20 மூன்று மாதத்துக்கும் பழையது. பழைய பாக்கியைச் சேர்க்க மாட்டார்கள். மீதி 40-ல் மார்ஜின் 40 சதவீதம் போக 24. 45-ம் 24-ம் சேர்ந்து 69. வங்கி எதையும் குறைக்கவில்லை, உங்கள் பழைய பாக்கிக்காரர்கள்தான் குறைத்திருக்கிறார்கள். அந்த 20-ல் பாதியை வசூலித்தாலே, கைக்கு வரும் 10 நேரடியாகக் கடனில் இறங்கும். டிராயிங் பவர் ஒரு பைசா குறையாது. ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டைத் தாமதமாகக் கொடுக்கிறீர்கள் என்பதும் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. தேதி தவறினால் டிராயிங் பவரைப் பூஜ்யமாக்கும் வங்கிகளும் உண்டு, கவனம்.

கேள்வி: குறைத்த லிமிட்டைச் சரிகட்ட கிரெடிட் கார்டிலிருந்து பணமாக எடுத்துக் கட்டிவிடலாம் என்று நினைக்கிறேன். ஒரு மாதத்துக்குத்தானே?

பதில்: வேண்டாம். கார்டில் பொருள் வாங்கினால் வட்டியில்லா நாட்கள் உண்டு, பணமாக எடுத்தால் பொதுவாகக் கிடையாது. எடுத்த நாளே வட்டி ஓடத் தொடங்கும், எடுப்பதற்கு ஒரு கட்டணம் தனி. கார்டு வட்டி ஓ.டி. வட்டியைவிடப் பல இடங்களில் கனமாகவே இருக்கும். அதோடு அந்த "ஒரு மாதம்" எங்கிருந்து வந்தது என்று கடிதத்தில் இல்லையே? குறிப்பிட்ட தேதியில் குறிப்பிட்ட பணம் வருகிறது என்றால் அந்தத் தாளைக் காட்டி வங்கியிடமே ஒரு மாதம் கேளுங்கள். உறவினர் யாராவது தருவதாக இருந்தால் வாங்கலாம், ஆனால் தொகையும் திருப்பும் தேதியும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அவர் வேண்டாம் என்று சொன்னாலும் கொடுங்கள்.

கேள்வி: குறைத்த லிமிட்டை மறுபடி ஏற்றுவார்களா?

பதில்: ஏற்றுவார்கள், தானாக இல்லை. ஒரு ஆறு மாதமாவது கணக்கு ஏறி இறங்கி, நல்ல நாட்களில் பூஜ்யத்துக்கு அருகில் வந்து போகட்டும். ஒரு செக்கும் திரும்பியிருக்கக் கூடாது. அப்புறம் ரெனிவல் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே எழுத்தில் கேளுங்கள், ரெனிவல் அன்று போனால் ஃபைல் ஏற்கெனவே மேலே போயிருக்கும். தேதி சாங்ஷன் லெட்டரின் முதல் பக்கத்திலேயே பெரும்பாலும் இருக்கும். கேட்கும்போது பழைய 100-ஐக் கேட்காமல், ஸ்டேட்மென்ட்டில் உங்கள் ஏற்ற இறக்கம் எவ்வளவோ அதற்கு மேலே கால் பங்கு சேர்த்துக் கேளுங்கள். 30 ஏறி இறங்குகிறது என்றால் 38, 40. அதற்கு மேல் ஏன் வேண்டும் என்று அவர்கள் கேட்டால் சொல்வதற்கு ஒரு ஆர்டரோ ஒப்பந்தமோ கையில் இருக்க வேண்டும்.